‘உடற்பயிற்சி மாத்திரை’ என்னும் சொற்பிழை

அறிவியல் செய்திகளில் ‘உடற்பயிற்சி மாத்திரை’ என்னும் தொடர் ஓயாமல் திரும்பி வருகிறது. அண்மைக்காலத்தில் அதற்குக் கிடைத்திருக்கும் பற்றுக்கோடு கல்லீரல். உடல் உழைக்கும்போதும் உழைத்து ஓயும்போதும் கல்லீரல் சில புரதங்களைக் குருதியில் விடுகிறது. அவை தசை, கொழுப்புத்திசு, மூளை ஆகியவற்றின் போக்கை மாற்றுகின்றன. அப்புரதங்களைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தால் ஓடாமலேயே ஓட்டத்தின் பயன் கிட்டும் என்கிறார்கள். இவ்வாதம் சான்றுகளைப் பிழையாக வாசித்ததன் விளைவு.

முதற்கோணல் பெயர்களில் தொடங்குகிறது. 1944இல் கன்றின் கருக்குருதியில் கண்டறியப்பட்டதால் ஒரு புரதம் ‘ஃபெட்யூயின்’ ஆயிற்று. இன்று அது இன்சுலின் ஏற்பியின் செயலைத் தடுப்பதற்காகவே பேசப்படுகிறது. ‘எஃப்.ஜி.எஃப். 21’ நார்த்திசு உயிரணு வளர்ச்சிக் காரணிகளின் குடும்பப் பெயரைச் சுமந்தாலும், அதன் தலையாய பணி வளர்சிதை மாற்றத்தைச் சார்ந்தது. பெயர் பிறந்த கதையைச் சொல்லும். பணியைச் சொல்ல வேண்டியதில்லை. மொழியியலின் முதல் பாடம் இது. ஆயினும் பெயர்களின் மீது ‘நல்ல புரதம்’, ‘கெட்ட புரதம்’ என்னும் முத்திரைகள் தயக்கமின்றிக் குத்தப்படுகின்றன.

அம்முத்திரைகள் நிலைப்பதில்லை. எஃப்.ஜி.எஃப். 21 கடும் பயிற்சிக்குப் பின் குருதியில் உயர்கிறது. கொழுப்புக் கல்லீரல் உடையோரிடமும் உயர்ந்தே காணப்படுகிறது. அளவை மட்டும் பார்ப்பவரால் ஓடி முடித்தவரையும் நோயுற்றவரையும் பிரித்தறிய இயலாது. செலினோபுரதம் பி இன்னும் தெளிவான சான்று. அது பயிற்சியின் பயனைத் தடுப்பதாக 2017இல் ஜப்பானின் கனசாவா ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். ஓட்டத்தால் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்ற அதே புரதம் தேவை என்று 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அவர்களும் எலிகளில்தான், காட்டினர். இரண்டும் மெய்யாக இருக்கலாம். சொல்லின் பொருள் வாக்கியத்தில் இருப்பது போல, புரதத்தின் பொருள் அது சென்று சேரும் திசுவிலும் அந்த வேளையில் உடல் இருக்கும் நிலையிலும் இருக்கிறது.

கோபன்ஹேகன் ஆய்வுகள் இதை மனிதரிடமே காட்டின. பயிற்சியின்போது குளுக்ககான் உயர்ந்து இன்சுலின் தாழ்கிறது, அம்மாற்றமே எஃப்.ஜி.எஃப். 21, ஃபாலிஸ்டாட்டின் ஆகியவற்றை விடுமாறு கல்லீரலைத் தூண்டுகிறது. கணையச் சுரப்புகளின் ஏற்றத்தாழ்வைச் செயற்கையாகத் தடுத்தபோது, உடல் உழைத்தும் அப்புரதங்கள் உயரவில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உடையோரிடம் இவ்வெளிப்பாடு குன்றியிருந்தது. கல்லீரல் தனித்துப் பேசுவதில்லை. தசைக்கும் கணையத்துக்கும் மறுமொழி கூறுகிறது. மறுமொழியை மட்டும் குப்பியில் அடைப்பவர் கேள்வியைத் தொலைத்துவிடுகிறார்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றை மறைப்பது நேர்மையன்று. 2020இல் சான் பிரான்சிஸ்கோவில், பயிற்சி செய்த எலிகளின் குருதிநீர் செலுத்தப்பட்ட முதிய எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது. கல்லீரல் விடும் ஜி.பி.எல்.டி. 1 என்னும் ஒரே நொதியைக் கூட்டியபோதும் அத்தகைய பயன் கிட்டியது. அரிய கண்டுபிடிப்பு; ஆனால் அளக்கப்பட்டது எலியின் மூளை சார்ந்த பயன். இதயத்தின் உறுதி, எலும்பின் திண்மை, தசையின் வலிமை ஆகிய அனைத்துக்கும் அது ஈடாகும் என்பதற்கு அதில் சான்றில்லை. படுக்கையில் கிடப்போருக்கும் நடக்க இயலாத முதியோருக்கும் இத்தகைய மருந்து ஒருநாள் உதவக்கூடும். அவர்கள் பொருட்டு ஆய்வு தொடரட்டும். அதற்கு ‘மருந்து’ என்னும் பெயர் போதும்.

சொல்லைப் பற்றி இத்துணை வாதிடுவானேன் என்று கேட்கலாம். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பெண்களில் அது 57 விழுக்காடு. இவர்களுக்குக் குறைவது புரதமா? நடைபாதையற்ற தெருவும், மாலையிலேயே அடைபடும் மாணவியர் விடுதிக் கதவும், திடலை விழுங்கி எழும் கட்டடமும் எந்தக் குப்பிக்குள்ளும் அடங்கா. ‘உடற்பயிற்சி மாத்திரை’ என்று எழுதுவோர், நகராட்சியும் பல்கலைக்கழகமும் ஏற்க வேண்டிய பொறுப்பை மருந்துக்கடைக்கு மாற்றி எழுதுகிறார்கள். ஆய்வேட்டிலும் வகுப்பறையிலும் அத்தொடரை மறுப்பது, அப்பொறுப்பை உரிய இடத்தில் கேட்பதன் தொடக்கம்.