கறுப்புத் துணிக்கு வெளியே

ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்னும் சிற்றூரில், நுண்ணோக்கி செய்து கீர்த்தி பெற்ற லைட்ஸ் தொழிற்சாலையில் பணிபுரிந்த ஆஸ்கர் பர்னாக், ஆஸ்துமாவினால் அவதிப்பட்டவராகையால், கண்ணாடித் தகடுகளும் ஸ்டாண்டும் கூடிய பெருங் காமிராவைச் சுமந்து அலைய இயலாமல், சினிமாச் சுருளையே கொண்டு 1914-ஆம் ஆண்டையொட்டிச் செய்து பார்த்த சிறு கருவியே, பின்னர் லைக்கா என்று உலகம் அறிந்த காமிராவுக்கு மூலமாயிற்று. சினிமாவில் மேலிருந்து கீழாக ஓடும் 35 மில்லிமீட்டர் பிலிமை அவர் பக்கவாட்டில் ஓடவிட்டார். 18-க்கு 24 மில்லிமீட்டராக இருந்த படத்தின் அளவு 24-க்கு 36 ஆகி இருமடங்காயிற்று. மாக்ஸ் பெரெக் கணித்தளித்த லென்ஸ் அத்தனை நுட்பமாக வாய்த்திராவிட்டால், தபால்தலை போன்ற அந்த நெகடிவிலிருந்து பெரிய பிரதி எடுப்பது வெறும் மனோராஜ்யமாகவே முடிந்திருக்கும். யுத்தமும் அதையடுத்த பஞ்சகாலமும் கழிந்து, 1925-ல்தான் லைப்ஸிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது.

அதன் பெருமையைச் சௌகரியம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை மறைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரை அசையாதிருக்கச் சொல்லி அதிகாரம் செய்த படக்காரரை, அந்தத் துணியிலிருந்து வெளியே இழுத்து ஜனங்களின் நடுவே நிறுத்தியதுதான் அது செய்த மகத்தான காரியம். அந்த முதல் லைக்காவில் படமெடுக்க, உள்ளே மடங்கிக் கிடக்கும் லென்ஸை இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும். தூரத்தைக் கண்ணாலேயே மதித்து அதில் வைக்க வேண்டும். குமிழைத் திருப்பினால் பிலிம் நகர்வதும் ஷட்டர் ஆயத்தமாவதும் ஒருங்கே நடந்துவிடும். ஒரு சுருளுக்கு 36 படங்களே. ஆகவே ஒவ்வொன்றுக்கும் முன்னால் மனம் ஒரு க்ஷணம் நிதானித்தாக வேண்டும்.

அந்த நிதானத்தைக் கலையாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஹென்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1932-ல் லைக்காவைக் கைக்கொண்ட அவர், பிறர் கண்ணில் படாதிருக்க அதன் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடினார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி இரவு, டில்லி பிர்லா மாளிகை வாயிலில் காந்தியடிகளின் மரணத்தை நேரு அறிவிக்கும் அவருடைய படத்தைப் பாருங்கள்: விளக்கொளி கூசுகிறது, உருவங்கள் தெளிவின்றிக் கலங்கியிருக்கின்றன. சாஸ்திரப்படி குறை சொல்லத்தக்க படம். ஆனால் அந்த இரவின் துக்கத்தை வேறெந்தத் துல்லியமான படமும் எனக்கு இவ்வளவு உணர்த்தியதில்லை. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் இறுதி நாட்களில், திருவண்ணாமலையிலும் அவர் இருந்தார், அங்கும் படமெடுத்தார்.

இன்று லைக்காவிலும் சிறிய காமிரா ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசிக்குள் இருக்கிறது; எடுக்கும் படங்களுக்குக் கணக்கே இல்லை. சமீபத்தில் ஒரு சாவு வீட்டில், தாயின் உடல்மேல் விழுந்து அழுத மகளின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒருவர் தொலைபேசியை நீட்டி, விளக்கையும் போட்டு, விடாமல் படமெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். விளக்கு அப்போதும் அணையவில்லை.