உப்பு மேட்டோடு திரும்பிவிடும் பயணம்

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பைக்கில் பறக்கும் கல்லூரிக் கூட்டத்துக்கு மரக்காணம் என்றால் ஈசிஆர் ஓரத்து வெள்ளை உப்பு மேடுகள்தான். இறங்குவார்கள், நாலு போட்டோ, கிளம்பிவிடுவார்கள். ஊருக்குள் போனவர்கள் எத்தனை பேர்?

சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஊருக்குள் இருக்கும் பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது, சுவரெல்லாம் கல்வெட்டு. வடக்கே, கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760இல் ஆங்கிலேயர் இடித்தார்கள், மிச்சத்தை 2004 சுனாமி பதம் பார்த்தது. மாமல்லபுரத்துக்கு அரை நாள் தருகிறவர்கள் இங்கே ஒரு மணி நேரம் தரக்கூடாதா?

ரிசார்ட் வந்தால்தான் ஊர் வளரும் என்பார்கள். வேண்டவே வேண்டாம். (முதலில் மூடப்படுவது அளமாகத்தான் இருக்கும்!) படித்தால் புரிகிற மாதிரி ஒரு பலகை, வழிகாட்ட உள்ளூர்ப் பையன்கள், நல்ல மீன் சாப்பாடு. போதும்.

கணக்கும் சரியாகவே வருகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளத்தில் வேலை கிடையாது. கோடை வெயிலில் உப்பு வாரியவர்கள் கூலி இல்லாமல் உட்காருவார்கள். பக்கத்துக் கழுவெளிக்கு வலசைப் பறவைகள் வருவது அப்போதுதான். 2021இல் அது பறவைகள் சரணாலயமாகவும் ஆகிவிட்டது. மழை விட்டதும் ஊர் சுற்றக் கிளம்பும் கூட்டம் மரக்காணத்தில் ஒரு வேளை சாப்பிட்டாலே அந்த வீடுகளில் அடுப்பு எரியும். பைக் இல்லாதவர்களுக்குத் திண்டிவனத்திலிருந்து பஸ் இருக்கிறது.