மனு எழுதத் தெரியாதவரின் உரிமை

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நமது சட்டம் அளித்துள்ள பாதுகாப்புகளில் பெரும்பாலானவை அவர் கேளாமலேயே அவரை நாடி வருகின்றன: கைதாகும்போது காரணம் சொல்லப்பட வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும், வக்கீல் வைக்க வசதியில்லையெனில் சர்க்கார் செலவில் வக்கீல் நியமிக்கப்பட வேண்டும். இவற்றில் ஓர் அணுவளவையும் குறைக்கலாகாது. ஆனால் அதே குற்றத்தால் அடிபட்டவரும், அதைக் கண்ணால் கண்ட ஒரே காரணத்துக்காகக் கூண்டேறும் சாட்சியும் பெறவேண்டிய உரிமைகளோ, மனு எழுதி, உரிய இடம் அறிந்து, உரிய அதிகாரியிடம் நீட்டினாலன்றிக் கைக்கு வருவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தாலேதான், சட்டப்புத்தகத்தில் பாதிக்கப்பட்டோருக்கென ஏறியிருக்கும் பிரிவுகளில் பாதிக்கு மேல் உயிரிழந்து கிடக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து விடியுமுன் கம்பெனி வண்டியேறி ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகும் பெண்ணொருத்திக்குச் சாட்சி சம்மன் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அன்றைய கூலி போயிற்று. பஸ் பிடித்து வேலூர் வந்து, இன்னொரு பஸ்ஸில் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தை அடைந்து, தாழ்வாரத்துச் சுவரோரம் அவள் நிற்கும்போது, நாலடி தள்ளி எதிரியின் அண்ணன் தம்பிமார் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டவாலி பேர் கூப்பிடுவான் என்று மத்தியானம் வரை காத்திருந்தபின், "இன்னைக்கு நடக்காதும்மா, வாய்தா போட்டாச்சு, போயிட்டு வா" என்று கோர்ட் போலீஸ்காரர் சொல்லுவார். சாட்சிக்குப் படி கொடுக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது என்பதை அவளிடம் சொல்வார் யார்? மூன்றாம் வாய்தாவுக்குள் எதிரித் தரப்பார் பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, "எதுக்கும்மா நமக்கு இந்தப் பொல்லாப்பு?" என்று கேட்டுவிட்டால், அவள் பிறழ்சாட்சி ஆவதில் ஆச்சரியமென்ன? அப்படி ஆனபின் அவளைப் பொய் சொன்னவளென்று ஏசுவதற்கு மட்டும் நம்மில் அநேகருக்கு நாக்கு கூசுவதில்லை.

இதுவாவது சமவெளியில் வசிப்பவளின் கதை. இதே அணைக்கட்டுத் தாலுகாவில் பீஞ்சமந்தை முதலிய மலை ஊராட்சிகள் இருக்கின்றன. 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு தீண்டி இறந்த குழந்தையின் உடலை, வண்டி போகும் பாதையில்லாமையால் பெற்றவளே சுமந்து நடந்த செய்தி நாடறிந்தது. அந்தப் பாதையில் இறங்கித்தான் மலைவாசி சாட்சி சொல்ல வரவேண்டும்.

சட்டத்தைக் குறை சொல்லிவிட முடியாது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ பிரிவு புகுந்தது. குற்றவாளி இன்னாரென்று அகப்படாத வழக்கிலும் பாதிக்கப்பட்டவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடித்து நிவாரணம் அளிக்க வேண்டும். இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 396-ஆம் பிரிவு. பட்டியல் இன, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலோ, 2016 ஜனவரி முதல் அமலில் உள்ள 15-ஏ பிரிவு, சாட்சிகளுக்குப் பிரயாணச் செலவையும் பராமரிப்புச் செலவையும் உரிமையாகவே வழங்கிவிட்டது. 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டமொன்றுக்கு அங்கீகாரம் அளித்து, சட்டம் இயற்றப்படும்வரை அதுவே சட்டம் என்றது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. சாட்சிக்குள்ள ஆபத்தைக் கணித்து அறிக்கை தருபவர் டி.எஸ்.பி.

ஆபத்து காக்கிச் சட்டையிலிருந்தே வருமானால்? இது வெறும் குதர்க்கமன்று. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸாரின் துப்பாக்கிக்கு இருபது பேர் இரையானார்கள். அவர்களில் பலர் அணைக்கட்டுக்கு அப்பால் தொடரும் ஜவ்வாது மலைப் பக்கத்தினர். தப்பிவந்தவர்கள் வாய் திறந்தபோது, அவர்களுக்குக் காவல் அளிக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையமே உத்தரவிட நேர்ந்தது. தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் பழங்குடி ஊரிலும் எதிரிகள் வனத்துறையினர், போலீஸார், வருவாய்த்துறையினர்: 269 பேர். 1992 ஜூன் 20-இல் நடந்த அக்கிரமத்துக்குத் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011-இல். எதிரிகளில் 54 பேர் அதற்குள் இறந்தே போனார்கள். பலாத்காரத்துக்கு ஆளான பதினெட்டுப் பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் வழங்கும்படி உயர் நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகள் அப்பெண்கள் சொன்ன சொல் மாறாமல் நின்றார்களென்றால், எந்த இலாகாவும் அவர்களுக்கு வழித்துணையாக வந்ததனால் அன்று. மலைவாழ் மக்கள் சங்கமும் அதைச் சார்ந்த இயக்கத்தாரும் கூடவே நடந்ததனால்தான். சங்கம் இல்லாத ஊரில் அகப்பட்டுக்கொண்ட ஒற்றைச் சாட்சியின் கதி என்ன?

இதே வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றுக் கரையில் வேறுவகைப் பாதிப்புக்கு வேறொரு வழி கையாளப்பட்டது. டேனரிக் கழிவால் நிலமும் கிணறும் பாழானவர்கள் குற்றவியல் சட்டத்தின் கண்ணுக்குப் படாதவர்கள். ஆயினும் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோரெனக் கண்டு, சுமார் 26 கோடி 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தொழிலதிபர்களிடமிருந்து பணம் முழுதும் வந்து சேருமென்று காத்திருந்தே வருஷங்கள் கழிந்தன. கடைசியில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், முதலில் சர்க்கார் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆலைக்காரர்களிடம் வசூலித்துக்கொள்க என்றது. தாமதத்தை மன்னிக்க முடியாதெனினும் முறை சரியானது: பாதிக்கப்பட்டவரைக் கணக்கெடுப்பதும் கொடுப்பதும் அரசின் வேலை, வசூல் தகராறும் அரசின் தலைவலி.

இந்த முறை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரக்கூடாதா? முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்கும் அதே மேஜையிலேயே, நிவாரண விண்ணப்பத்தையும் எழுத்தரே பூர்த்தி செய்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடலாம். சாட்சியின் படியை வாய்தா போட்ட அன்றே கையில் கொடுத்தனுப்பலாம். எதிரித் தரப்பார் கண்படாத ஓர் அறையில் பெஞ்சு ஒன்று போடலாம். இவற்றுக்குப் பெரும் பொக்கிஷம் வேண்டியதில்லை. புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறதென்பதைத் தொண்ணூறு நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியிலும் தெரிவிக்கலாமாம். பீஞ்சமந்தைக்குச் செல்போனில் ஒரு வரி அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று கோப்பை மூடாமல், போலீஸ்காரர் ஒருவர் மலையேறிப் போய், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாயால் சொல்லிவிட்டு வரட்டும்.