அழிக்கும் முன் ஒரு பட்டியல்

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. மழைக்காலம் வருமுன் கூரையைப் பார்க்கிறோம். தேர்வுக்குப் போகுமுன் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கணிப்பொறியின் விஷயத்தில் மட்டும் இந்த முன்யோசனை நமக்கு ஏனோ வருவதில்லை. அது மெதுவாக இயங்கத் தொடங்கியதும், "ஃபார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ஃபார்மட் செய்வது என்றால் என்ன? கணிப்பொறியை ஆட்டி வைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, அந்த இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதையே நாம் அப்படிச் சொல்கிறோம். நிறுவுவது ஓரிரண்டு மணி நேர வேலைதான். அதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தமே பெரிது. அந்த ஆயத்தத்தைக் கடைக்காரர் செய்ய முடியாது. வீட்டில் உள்ளவர்கள்தாம் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை, தோழியரே! இழந்து கற்றேன்.

2016ஆம் ஆண்டு அரையாண்டு விடுமுறையில் என் அக்கா, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். சிறு வயதில் பள்ளிக்கு நடந்து போன கதை, நாற்று நடும்போது பாடிய பாட்டு, அப்பாவுக்குப் பெயர் வைத்த கதை என்று மொத்தம் 18 நிமிடங்கள். அதைக் கணிப்பொறியில் ஏற்றி, எல்லாரும் எளிதில் கேட்கும்படி முகப்புத் திரையிலேயே வைத்தாள். 2018இல் பாட்டி எங்களை விட்டுப் பிரிந்தார். மறு ஆண்டு கணிப்பொறி தடுமாறத் தொடங்கியது. அப்பா அதைக் கடைக்குக் கொண்டு சென்றார். "உள்ளே வேண்டியது ஏதும் இருக்கிறதா?" என்று கடைக்காரர் கேட்கத்தான் செய்தார். "எல்லாம் 'டி' டிரைவில் இருக்கிறது. 'சி'யை மட்டும் அழித்துக்கொள்ளுங்கள்" என்றார் அப்பா. மாலையில் கணிப்பொறி புதுப்பொலிவுடன் வீடு திரும்பியது.

சில வாரங்கள் கழித்துப் பாட்டியின் முதலாண்டு நினைவு நாள் வந்தது. வந்திருந்த அத்தை, "அம்மா குரலை ஒரு தடவை போடு" என்று கேட்டார். அக்கா தேடினாள். முகப்புத் திரையில் வைப்பவை எல்லாம் 'சி' பகுதியில்தான் இருக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிவு செய்த கைப்பேசியும் அதற்குள் மாறிவிட்டது. அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அதே இடத்தில் புதிய இயங்குதளம் எழுதப்பட்டு, பல நாள் பயன்படுத்திய பிறகு மீட்பது மிக அரிது. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

யார் மீது குற்றம் சொல்வது? கடைக்காரர் கேட்டார். அப்பா தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். அக்கா நல்லெண்ணத்தோடுதான் அங்கே வைத்தாள். வீட்டில் எல்லாரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து, "உள்ளே யாருடைய பொருள் எங்கே இருக்கிறது?" என்று ஒருவரையொருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

இப்போது அதே கணிப்பொறிக்கு மறுபடியும் இயங்குதளம் மாற்றும் வேளை வந்திருக்கிறது. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. 2013இல் வாங்கிய எங்கள் கணிப்பொறி அந்தத் தகுதித் தேர்வில் தேறவில்லை. நம்மில் பலர் வீட்டுக் கணிப்பொறிகளின் நிலையும் இதுவாகத்தான் இருக்கும்.

"அப்படியானால் புதியது வாங்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், பாடம் படிக்கவும் போதுமான ஒரு பொறியை அந்தக் குவியலில் சேர்ப்பானேன்? பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்த லினக்ஸ் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதன் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட் எங்கள் கணிப்பொறியின் 4 ஜிபி நினைவகத்திலேயே ஓடக் கூடியது. அதை நிறுவுவது என்று வீட்டில் முடிவு செய்தோம். ஆனால் இம்முறை அவசரப்படவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலாவது ஆயத்தம், பட்டியல். அப்பா, அம்மா, அக்கா ஒவ்வொருவரிடமும், "இதற்குள் உங்களுடையது என்ன இருக்கிறது?" என்று கேட்டு எழுதினேன். "எனக்கு ஒன்றும் இல்லை" என்றுதான் அம்மா முதலில் சொன்னார். பிறகு பார்த்தால், மகளிர் சுய உதவிக் குழுவின் ஆறு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது! முகப்புத் திரை, பதிவிறக்கங்கள், படங்கள் ஆகிய இடங்களோடு நின்றுவிடக் கூடாது. சில கணக்கு மென்பொருள்கள் தம் தரவுகளைத் தனி இடத்தில் வைத்திருக்கும். இணைய உலாவி நமக்காக நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்களும் அழிந்துபோகும். "எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கிறதே" என்பவர்கள், அந்தக் கடவுச்சொல் தங்களுக்கு நினைவிருக்கிறதா என்றும், கணக்கோடு இணைத்த கைப்பேசி எண் இன்னும் கையில் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நகல். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருப்பது நலம். எங்களுடையது அத்தை வீட்டில் இருக்கிறது. நகல் எடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. வேறொரு கணிப்பொறியில் போட்டு, ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்புவது, விளைந்ததா என்று பாராமலே நெல்லை விலை பேசுவது போன்றது. இன்னொரு எச்சரிக்கை. இயங்குதளத்தை நிறுவ 8 ஜிபி அளவுள்ள ஒரு பென் டிரைவ் வேண்டும். அதில் இயங்குதளத்தை எழுதும்போது முன்பு அதில் இருந்தவை அழிந்துவிடும். நகல் வைத்த பென் டிரைவையே இதற்கும் எடுத்தால், நம் கையாலேயே நம் கண்ணைக் குத்திக்கொண்டவர்கள் ஆவோம்.

மூன்றாவது, பொறியின் உடல்நிலை. மெதுவாக ஓடுவதற்கு இயங்குதளம்தான் காரணம் என்பது நிச்சயமா? ஹார்டு டிஸ்க் தேய்ந்து கடகடவென்று ஓசை எழுப்பினால் எத்தனை முறை ஃபார்மட் செய்தும் பயனில்லை. அத்தகைய நேரத்தில் முதல் வேலை நகல் எடுப்பது; அடுத்த வேலை டிஸ்க்கை மாற்றுவது. காசு வடிவில் 3 வோல்ட் மின்கலம் ஒன்றும் உள்ளே இருக்கும். அது தீர்ந்தால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணிப்பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறானால் பல இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். இதைப் பெரிய நோய் என்று எண்ணி ஃபார்மட் செய்பவர்களும் உண்டு. மருந்து அந்தச் சிறு மின்கலம்தான்.

நான்காவது, ஒத்திகை. லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, அச்சுப்பொறி வேலை செய்கிறதா, அம்மாவின் கணக்குக் கோப்பு திறக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வைஃபைக்கு வேண்டிய டிரைவர் மென்பொருள் தனியாகத் தேவைப்பட்டால் அதையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் அழிந்த பிறகு, இணையம் இல்லாத கணிப்பொறியில் இணையத்துக்கான மென்பொருளை எப்படித் தேடுவது? பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்.

ஐந்தாவது, எழுத்துரு. இது தமிழ் தட்டெழுதும் வீடுகளுக்கே உரிய கவலை. இங்கேதான் எங்களுக்கு ஓர் எதிர்பாராத மகிழ்ச்சி கிடைத்தது. தாத்தா சொல்லச் சொல்லச் சித்தப்பா 2005இல் தட்டெழுதிய எங்கள் குடும்ப வரலாறு, 14 பக்கங்கள், 'டி' பகுதியில் இருந்தது. ஆனால் 2019க்குப் பிறகு அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று கைவிட்டிருந்தோம். பட்டியல் எழுதும்போது அதை எங்கள் கணிப்பொறி அறிவியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் புன்னகையோடு, "கோப்பு கெடவில்லை அம்மா, எழுத்துருதான் இல்லை" என்றார். யூனிக்கோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். 2019இல் 'சி' பகுதியோடு எங்கள் பாமினியும் அழிந்திருக்கிறது! அதை மீண்டும் நிறுவியதும் தாத்தாவின் வரிகள் திரையில் எழுந்து நின்றன. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு 14 பக்கங்களையும் படித்து முடித்தார். இப்போது அதை யூனிக்கோடாக மாற்றி அச்சிட்டும் வைத்துவிட்டோம்.

பாட்டியின் குரலுக்கு இது ஈடாகாது; அது போனது போனதுதான். ஆனால் அன்று ஒரு பட்டியல் எழுதியிருந்தால் குரலும் இருந்திருக்கும், எழுத்தும் மறைந்திருக்காது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

"இதெல்லாம் கடைக்காரர்கள் வேலை, பெண் பிள்ளைக்கு ஏன்?" என்று உறவினர் ஒருவர் என்னைக் கேட்டார். கடைக்காரர் தம் தொழிலில் வல்லவர், ஐயமில்லை. ஆனால் எந்தக் கோப்பு வெறும் கோப்பு, எந்தக் கோப்பு பாட்டியின் குரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதை அறிந்தவர்கள் நாம். அறிந்தவர்கள் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஆண் என்ன, பெண் என்ன?

தோழியரே! பெற்றோர்களே! இந்த விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் கணிப்பொறி நன்றாக ஓடினாலும் சரி, உட்கார்ந்து பட்டியல் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதை இழக்கக் கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகே எதையும் அழியுங்கள்.

எங்கள் வீட்டில் வரும் சனிக்கிழமை லினக்ஸ் நிறுவப் போகிறோம். அன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லை என்பதையும் பார்த்தாயிற்று. நோட்டுப் புத்தகத்தில் எல்லா வரிகளுக்கும் எதிரே சரிக்குறி போட்டிருக்கிறேன். கடைசி வரியில் மட்டும் அப்பா தம் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "இன்னொரு முறை பார்."

பார்க்கத்தான் போகிறேன்.

— பதினோராம் வகுப்பு மாணவி