பருப்பு வேகும் தண்ணீர்

முப்பது ஆண்டுகள் தருமபுரி மாவட்டத்தில் வேதியியல் நடத்தினேன். 'கால்சியம் புளோரைடு நீரில் கரையாது' என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவேன். திரும்பினால், எதிரே இருக்கும் பிள்ளைகள் பலருக்கு முன்பற்களில் புளோரைடு ஏற்றிய பழுப்புக் கோடுகள். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "கரையாதுன்னா எங்க பல்லுக்கு எப்படி டீச்சர் வந்துச்சு?"

அன்று பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த உப்பு ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 16 மில்லிகிராம் கரைகிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புளோரைடு. 7 மில்லிகிராமுக்கு மேல். குடிநீரில் இந்தியத் தரநிலை ஏற்பது 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5. சோதனைக் குழாயில் கண்ணுக்குப் படாத இந்தக் கரைசல் பல்லையும் எலும்பையும் கெடுக்கப் போதும்.

எந்தக் கிணறு என்பதும் முக்கியம். தண்ணீரில் கால்சியம் ஏற்கெனவே நிறைய இருந்தால் புளோரைடு நிலத்தடிப் பாறையை விட்டு அதிகம் இறங்காது. கால்சியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் மிகுந்த ஆழ்துளைத் தண்ணீரில்தான் தாராளமாகக் கரையும். அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். எங்கள் பெண்கள் குடத்தோடு தேடிப் போவது அதைத்தான்! அதில் புளோரைடு இருப்பது நாக்குக்குத் தெரியாது. காய்ச்சினாலும் தீராது. கிருமி சாகும், கால்சியம் வெள்ளையாகப் பாத்திரத்தின் அடியில் படியும், தண்ணீர் வற்ற வற்ற, எஞ்சியதில் புளோரைடின் செறிவு கூடும்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் குழாய் வறண்ட நாளில் மறுபடி ஆழ்துளைக் கிணறுதான். அந்த மாணவிக்கு இப்போது நாலு வயதில் மகள் இருக்கிறாள். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயது. இப்போது ஏறும் கறை பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு கைப்பம்பிலும், ஒவ்வொரு தொட்டியிலும் புளோரைடு அளவைப் பெயிண்டால் எழுதுங்கள். கோடையில் ஒருமுறை, மழை ஓய்ந்து ஒருமுறை அளந்து திருத்துங்கள். பாடநூலில் 'கரையாது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த 16 மில்லிகிராமையும் அச்சிடுங்கள்.