துண்டு மரத்தில் ஒரு பேழை

கொல்கத்தாவின் நிம்தலாப் பகுதியில் மரக்கடைகள் வரிசையாக உள்ளன. பௌபஜாரில் மரச்சாமான் கடைகள் நிறைந்திருக்கின்றன. இத்தகைய இடங்களை ஒட்டிய தச்சுப் பட்டறைகளில் அன்றாட வேலை முடிந்ததும் தரையைப் பெருக்குவர். இழைப்புளி சீவிய சுருள்களோடு, கட்டில் காலில் அறுபட்ட நுனியும் கதவுச் சட்டத்தில் எஞ்சிய சாண் நீளத் துண்டும் ஒரு மூலையில் குவியும். அவற்றுள் சில ஆப்புச் செதுக்க உதவும். பெரும்பாலானவை அடுப்புக்குப் போகும். அந்தக் குவியலைக் கொண்டே ஒரு சிறிய நினைவுப் பேழை செய்துவிடலாம். அதனைச் செய்ய வேண்டியவர் பள்ளி மாணவர். கற்றுத்தர வேண்டியவர் அந்தப் பட்டறையின் தச்சர்.

இதற்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் புத்தகப்பை இல்லாத 10 நாள்களைப் பரிந்துரைக்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலிய உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் மாணவர் அந்நாள்களில் பயில வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆனால் 10 நாளில் 10 இடங்களைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து முடித்துவிடுவது மிக எளிது. அவ்வாறு பார்த்த தொழில் கண்ணோடு நின்றுவிடும், கைக்கு வாராது. 10 நாளையும் ஒரே பட்டறைக்கு, ஒரே பேழைக்குக் கொடுப்பதே தக்கது.

துண்டு மரம் என்றால் தரங்குறைந்தது என்று கருதுவது பிழை. வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளில் கதவுக்கும் உத்தரத்துக்கும் பர்மாத் தேக்கு மிகுதியாகப் பயன்பட்டது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் அதே தேக்குதான்! ஒரே நாட்டின் காட்டு மரம் வங்கக் கடலைக் கடந்து இரு கரைகளுக்கும் வந்தது. அத்தகைய வீட்டிலிருந்து கழித்த கதவின் துண்டு பல்லாண்டு காய்ந்து பதப்பட்டது. புதிய பச்சை மரம்போல எளிதில் முறுக்கிக் கொள்ளாது.

பேழைக்கு வேண்டியவை நான்கு பக்கப் பலகைகள், ஓர் அடிப்பலகை, ஒரு மூடி. இவ்வளவு சிறிய பொருளில் இத்தனை பாடம் அடங்கியிருப்பது வியப்பே. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்கே விரியும். வறண்ட காலத்தில் அவ்வாறே சுருங்கும். இழையின் நீளவாட்டிலோ அது ஏறத்தாழ மாறுவதே இல்லை. எனவே தேர்ந்த தச்சர் அடிப்பலகையைப் பக்கங்களோடு ஒட்டுவதில்லை. பக்கப் பலகைகளின் உட்புறத்தில் காடி வெட்டி, அடிப்பலகையை அதில் செருகி, விரியவும் சுருங்கவும் சிறிது இடம் விட்டுவைக்கிறார். இதனைப் பாடநூலில் இரண்டு வரியாகப் படித்து மறக்கலாம். மழைக்காலத்தில் தான் இறுக ஒட்டிய அடிப்பலகை மார்கழியில் பிளந்து நிற்பதைக் கண்ட மாணவர் மறக்க மாட்டார்.

பெற்றோர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. உளி கூரியது, விரலை வெட்டும். ஆகவே மரத்தைப் பிடியில் இறுக்கி, இரு கைகளையும் உளியின் வாய்க்குப் பின்னால் வைக்கப் பழகும்வரை மாணவரைத் தனியே விடலாகாது. தேர்வுக்கு இடையூறு என்பது வலுவற்ற வாதம். கேட்பது ஆண்டில் 10 நாளே. அழகிய பெட்டி கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்பாரும் உளர். கிடைக்கிறது, அதன் அடிப்பலகை ஏன் பிளக்கவில்லை என்பதை மட்டும் கடைக்காரர் சொல்லித்தர மாட்டார். வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் உண்டு: படிக்கும் பிள்ளைக்கு இழைப்புளி எதற்கு என்னும் எண்ணம். குறிப்பிட்ட சிலர் மட்டுமே செய்யும் வேலை இது என்ற பழைய நினைப்பு, ஊரை விட்டு வந்த குடும்பங்களோடும் கூடவே வந்துவிடுகிறது.

இந்நினைப்பை மறுக்க இந்நகரத்திலேயே ஒருவர் பிறந்தார். இரவீந்திரநாத் தாகூரின் மகன் ரதீந்திரநாத், 1888இல் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தவர். 1906இல் வேளாண்மை பயில அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். 1951இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. அவர் சாந்திநிகேதனில் குகாகர் என்னும் கட்டடத்தில் பட்டறை வைத்து, தம் கையால் மரவேலை செய்தார். பேழைகள் செய்தார், வெவ்வேறு மரங்களின் இயற்கை நிறத்தையே வண்ணமாகக் கொண்டு சித்திரங்கள் பதித்தார். அவ்வகைப் பதிப்பு வேலையில் ஓர் இதழுக்கு விரல் அளவு மரம் போதும். அங்கே துண்டுக்குத்தான் மதிப்பு.

தச்சரைக் குறிக்கும் சொற்களும் இங்கே சான்று கூறும். தமிழில் ஆசாரி என்பது, ஆசான் எனப் பொருள்படும் ஆசார்ய என்ற வடசொல்லின் திரிபு. வங்கத்தில் வழங்கும் மிஸ்திரி என்பது, தலைவர், ஆசான் என்னும் பொருளுடைய மெஸ்த்ரே என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. இரு மொழியினரும் அவரை ஆசிரியர் என்றே அழைத்துவிட்டு, பள்ளி வாயிலில் உடைந்த பெஞ்சைச் சரிசெய்ய மட்டும் கூப்பிடுகின்றனர். அந்த 10 நாளுக்கும் அவருக்குரிய ஊதியத்தைப் பள்ளி கொடுக்க வேண்டும். துண்டு மரத்துக்கும் விலை கொடுக்க வேண்டும். இலவசமாகக் கேட்பது முறையன்று.

முடிந்த பேழையில் என்ன வைப்பது என்பது அவரவர் விருப்பம். ஊரிலிருந்து தாத்தா எழுதிய கடிதம் இருக்கலாம். மாமல்லபுரத்துக் கிளிஞ்சல் இருக்கலாம். முதல் மழைக்காலத்தில் மூடி சற்று இறுகித் திறக்க மறுக்கும். அப்போது அதனை அதே பட்டறைக்கு எடுத்துச் சென்றால், மிஸ்திரி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, இழைப்புளியை மாணவர் கையிலேயே கொடுப்பார்.