எல்லாப் பழியும் 1922 தீயின் மீதா?

அயர்லாந்தில் முன்னோரைத் தேடப் புறப்படுகிறவர்களிடம் சொல்லப்படும் ஒரு வாக்கியம் பல ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டுகிறது: “1922இல் எல்லாம் எரிந்துபோனது, இனி ஒன்றும் கிடைக்காது.” தேடலைத் தொடங்கும் முன்பே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும் வாக்கியம் இது.

எரிந்தது உண்மைதான். உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. உயில்களும் புரொட்டஸ்டன்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையின் ஏராளமான பதிவேடுகளும் போயின.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் மொத்தத்தையும் அந்தத் தீயின் கணக்கில் எழுதுவது அநியாயம். அங்கே எரிந்தவை 1821 முதல் 1851 வரையிலான நான்கு. 1861, 1871 தாள்களை அழிக்கச் சொன்னது அரசு. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாயின. வீடுவீடாகப் போய்ப் பெயர், வயது, தொழில் என்று எழுதி வாங்கிய அரசே அவற்றை ஒழித்தது. காப்பகத்தில் தீப்பிடிக்கும் முன்பே நான்கு கணக்கெடுப்புகள் இல்லாமல் போயிருந்தன. இதை மறைத்துத் தீயை மட்டும் பேசுகிறவர்கள், அலுவலகங்கள் செய்த குற்றத்தைப் போரின் தலையில் கட்டுகிறார்கள்.

எரிந்த 1841, 1851 கூட முழுதாக மறைந்துவிடவில்லை. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, எழுபது வயதை நிரூபிக்கப் பலரிடம் பிறப்புச் சான்று இல்லை. எல்லோருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். ஆகவே அலுவலர்கள் அந்தப் பழைய கணக்கெடுப்புகளில் அவர்களது பெற்றோர் வீட்டைத் தேடிப் பார்த்துப் படிவங்களில் குறித்துவைத்தார்கள். அந்தப் படிவங்கள் இன்றும் இருக்கின்றன!

1864க்குப் பிந்தைய பிறப்பு, இறப்புப் பதிவுகள் வேறு அலுவலகத்தில் இருந்ததால் தப்பின. அயர்லாந்தின் பெரும் பஞ்சக் காலத்தில் நாட்டைவிட்டுக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களது ஞானஸ்நானப் பதிவேடுகள் பங்குக் கோவில்களிலேயே இருந்தன. தேசிய நூலகம் 2015இல் அவற்றை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்தது. நிலமும் வீடும் வைத்திருந்தவர்களைப் பட்டியலிடும் கிரிஃபித் நில மதிப்பீடும் 1901, 1911 கணக்கெடுப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

தேடியவருக்குப் பெயர் அகப்படாமல் போவதற்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரே காரணம். ஆங்கில ஆட்சியில் பல குடும்பங்கள் ‘ஓ’, ‘மக்’ முன்னொட்டுகளை விட்டுவிட்டன; 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா சல்லிவன், பேரன் ஓ’சல்லிவன். ‘கொல்லரின் மகன்’ என்று பொருள்படும் மக் கவன் என்ற பெயருடைய குடும்பம் ஓரிடத்தில் மக்கவன், இன்னோரிடத்தில் ஸ்மித். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டுத் தீயைப் பழிப்பது எப்படிச் சரியாகும்? அதோடு 60,000க்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகளில் எது தம்முடையது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியவை, கப்பலேறியவர் போய்ச் சேர்ந்த நாட்டில் உள்ள அவரது திருமணப் பதிவும் மரணப் பதிவும்.